வீட்டுக்கு எந்த டிஃப்யூசர்? ஒரு சொட்டு எண்ணெயிலிருந்து தொடங்குவோம்

ஒரு வெள்ளைத் தாளில் லாவெண்டர் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மேசைமேல் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். முதல் சில நிமிடம் வாசனை மூக்கைத் துளைக்கும். அரை மணி நேரம் கழித்து வந்து முகர்ந்தால் அந்தக் கூர்மை போய், மெல்லிய மணம் மட்டும் இருக்கும். மறுநாள் பார்த்தால் தாளில் மங்கலான ஒரு வட்டம் மிச்சம், சில சமயம் அதுவும் இருக்காது. எண்ணெய் எங்கே போனது? காற்றில் போனது. அந்த ஒரு சொட்டு கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி அறையில் பரவியதைத்தான் நம் மூக்கு வாசனையாக உணர்ந்தது.

டிஃப்யூசர் என்ற பெயரில் வரும் எல்லாப் பொருளும் இந்த ஒரே வேலையைத்தான் செய்கிறது. அப்படிப் பார்த்தால் அந்தத் தாளும் ஒரு டிஃப்யூசர்தான். மற்ற கருவிகள் எண்ணெய் காற்றில் ஏறும் வேகத்தையும் அளவையும் மாற்றுகின்றன, அவ்வளவுதான்.

புதிதாக வாங்குகிறவர்களின் கண் முதலில் வடிவத்தில்தான் நிற்கும். மரநிறத்தில் ஒன்று, கண்ணாடிக் குடுவையோடு ஒன்று, நிறம் மாறும் விளக்கோடு ஒன்று. அழகாக இருப்பது தப்பில்லை, வீட்டில் வைக்கப்போகிற பொருள்தானே. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: இதில் எண்ணெயைக் காற்றுக்குள் தள்ளுவது எது? தானாகவே ஆவியாகிறதா, விசிறிக் காற்று தள்ளுகிறதா, சூடு தள்ளுகிறதா, இல்லை கருவி அதை நுண்துளிகளாக உடைக்கிறதா? இதற்கு விடை தெரிந்துவிட்டால், மணம் எவ்வளவு தூரம் போகும், எண்ணெய் எவ்வளவு செலவாகும், எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும், வீட்டில் யாருக்கு ஆகாது என்பதெல்லாம் பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

தானாக ஆவியாகட்டும் என்று விடுபவை

இவற்றுக்கு மின்சாரம் வேண்டாம், நெருப்பு வேண்டாம். மிக எளியவை சுட்ட மண் வில்லைகளும் எரிமலைக் கற்களும். உடம்பெல்லாம் நுண்துளை உள்ள பொருள்கள் என்பதால், இரண்டு மூன்று சொட்டு விட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு மெதுவாக வெளியே விடும். மணம் கைக்கெட்டும் தூரம் வரைதான் வரும். எழுதும் மேசை, துணி அலமாரி, செருப்பு வைக்கும் தட்டு போன்ற இடங்களுக்கு அது போதும். அறை முழுக்க மணக்க வேண்டும் என்றால் இது ஆகாது.

இதே குடும்பத்தில் ரீட் டிஃப்யூசர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. குறுகிய வாயுள்ள ஒரு பாட்டில், உள்ளே வாசனைத் திரவம், அதில் செருகிய ஏழெட்டுக் குச்சிகள். பார்க்க அலங்காரப் பொருள் மாதிரி இருந்தாலும் அந்தக் குச்சிகள் சும்மா நிற்பதில்லை. நல்ல ரீட் டிஃப்யூசரின் குச்சி பிரம்பில் செய்தது. பிரம்பை ஒரு துண்டு வெட்டி, வெட்டிய முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள், ஊசியால் குத்தியது போலக் குட்டிக் குட்டித் துளைகள் தெரியும். ஒவ்வொன்றும் குச்சியின் அடியிலிருந்து நுனிவரை ஓடும் மெல்லிய குழாய். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது மாதிரி, இந்தக் குழாய்களின் வழியே திரவம் தானாக ஏறும். பள்ளியில் நுண்புழை ஏற்றம் என்று படித்தோமே, அதேதான். ஏறிய திரவம் குச்சியின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும், ஆவியான இடத்துக்குக் கீழிருந்து இன்னும் கொஞ்சம் ஏறும். மூங்கில் குச்சி இந்த அளவுக்கு வேலை செய்யாது, ஏனென்றால் மூங்கிலில் கணு இருக்கிறது, குழாய்கள் கணுவில் தடைபடும். குச்சி செருகி ஒரு வாரம் ஆகியும் நுனி உலர்ந்தே இருந்தால், குற்றம் திரவத்தில் இல்லாமல் குச்சியில் இருக்கலாம்.

ரீட் டிஃப்யூசரில் வாசனையைக் கூட்டவும் குறைக்கவும் வழி குச்சிகளின் எண்ணிக்கைதான். எட்டுக் குச்சி கொடுத்திருந்தால் எட்டையும் செருக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சின்னக் குளியலறையில் மூன்று போதும். இரண்டு நாள் பார்த்துவிட்டு வேண்டுமானால் ஒன்று கூட்டுங்கள். வாரம் ஒருமுறை குச்சிகளைத் தலைகீழாகத் திருப்பினால் மணம் புதிதாக எழும். அடிக்கடி திருப்பினால் பாட்டில் சீக்கிரம் காலியாகும். 100 மில்லி பாட்டில் சாதாரணமாக இரண்டு மூன்று மாதம் வரும். விசிறிக்கு நேர் கீழேயோ வெயில் விழும் ஜன்னலிலோ வைத்தால் அதில் பாதி நாள்கூட வராது. நாளாக ஆகக் குச்சியின் துளைகளைத் தூசி அடைத்துவிடும். அதனால் திரவத்தை மட்டும் மாற்றி நிரப்பிவிட்டுப் பழைய குச்சியையே செருகாதீர்கள், புதுக் குச்சி போடுங்கள்.

இதில் எச்சரிக்கை ஒன்று உண்டு. பாட்டில் கவிழ்ந்தால் அந்தத் திரவம் மரச்சாமானின் பாலிஷைத் தின்றுவிடும். எங்கள் வீட்டில் ஒரு மர அலமாரியின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய தடம் இன்னும் இருக்கிறது. இரவில் கவிழ்ந்ததைக் காலையில்தான் பார்த்தோம், அதற்குள் பாலிஷ் குழைந்து துணியோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து பாட்டிலுக்கு அடியில் ஒரு பீங்கான் தட்டு இல்லாமல் வைப்பதில்லை. தவழும் குழந்தைக்கோ தாவும் பூனைக்கோ எட்டுகிற உயரத்தில் தட்டு வைத்தும் பயனில்லை. அந்தத் திரவத்தை விழுங்கினால் நஞ்சு, தீயும் பிடிக்கும்.

தண்ணீரும் அதிர்வும்: அல்ட்ராசோனிக்

வீடுகளில் இன்று அதிகம் காணப்படுவது இந்த வகைதான். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு குட்டித் தொட்டி, அதன் அடியில் நாணயம் அளவுக்கு ஒரு வட்டத் தகடு. தொட்டியில் தண்ணீர் ஊற்றி, நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டு, மூடியை ஒரு நொடி தூக்கியபடி பொத்தானை அழுத்திப் பாருங்கள். தகட்டுக்கு நேர் மேலே நீர்ப்பரப்பு ஒரு சின்னக் குன்று போல எழும்பும், அதன் உச்சியிலிருந்து பனிப்புகை கிளம்பும். கையை நீட்டினால் குளிர்ச்சியாக இருக்கும். ஆவி என்று பலர் நினைக்கிறார்கள், அது ஆவி அல்ல. கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்துளிகளின் கூட்டம் அது. ஒவ்வொரு துளியும் சில மைக்ரான் அளவே இருக்கும், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

தகடு எப்படி இதைச் செய்கிறது? 1880இல் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே அதன் மறுபக்கமும் உறுதியானது, அதாவது மின்சாரம் கொடுத்தால் அந்தப் படிகம் விரிந்து சுருங்கும். டிஃப்யூசரின் அடியில் இருக்கும் பீசோ தகடு இந்த மறுபக்கத்தில்தான் வேலை செய்கிறது. விநாடிக்கு ஏறத்தாழ 17 லட்சம் முதல் 24 லட்சம் முறை அது அதிர்கிறது. நம் காது கேட்கும் எல்லை 20,000 என்பதால் அந்த அதிர்வு நமக்குக் கேட்காது. கேட்பதெல்லாம் உள்ளே சுற்றும் குட்டி விசிறியின் முனகலும், நடுநடுவே தண்ணீர் சொட்டும் சத்தமும்தான்.

சூடு இல்லை என்பது இதன் முதல் நன்மை. எண்ணெய்ச் செலவு குறைவு என்பது இரண்டாவது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 சொட்டு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மில்லி. 100 மில்லி தண்ணீருக்கு 5 சொட்டு என்று வைத்தால், 10 மில்லி எண்ணெய் பாட்டில் 40 தடவைக்கு வரும். பெரும்பாலான கருவிகளில் டைமர் இருக்கிறது, தண்ணீர் தீர்ந்தால் தானாக நிற்கும் வசதியும் இருக்கிறது. இரண்டாவது வசதி இல்லாத கருவியை வாங்கவே வேண்டாம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் தகடு கெட்டுப்போகும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்தக் கருவி தண்ணீரை ஆவியாக்கவில்லை, தண்ணீரில் இருப்பதையெல்லாம் சேர்த்துத்தான் வீசுகிறது. உப்புத் தண்ணீர் ஊற்றினால் துளி காய்ந்த பிறகு அதிலிருந்த தாதுக்கள் வெள்ளைத் தூசியாகப் பக்கத்து மேசையிலும் டிவித் திரையிலும் படியும். காய்ச்சி வடித்த நீரோ ஆர்.ஓ. நீரோ ஊற்றினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. அதே காரணத்தால்தான் தொட்டியில் பழைய தண்ணீரைத் தேக்கி வைக்கக் கூடாது என்கிறார்கள். இரண்டு நாள் நின்ற தண்ணீரில் கிருமி வளர்ந்திருந்தால் அதுவும் துளியோடு காற்றில் ஏறும், நாம்தான் மூச்சிழுப்போம். வேலை முடிந்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, ஒரு துணியால் ஒற்றி, மூடியைத் திறந்து வைத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

கொட்டும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொட்டியின் ஒரு ஓரத்தில் உள்விசிறியின் காற்று வரும் துவாரம் ஒன்று இருக்கும். அந்தப் பக்கமாகச் சாய்த்தால் தண்ணீர் நேராக உள்ளே இருக்கும் மின்பாகங்களுக்குப் போய்விடும். என் முதல் டிஃப்யூசர் ஐந்தாவது வாரமே செத்துப்போனது இப்படித்தான். எந்தப் பக்கம் கொட்ட வேண்டும் என்று பல கருவிகளில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள், துவாரத்துக்கு எதிர்ப்பக்கம் என்று நினைவில் வைத்தாலே போதும். அதேபோல, தொட்டியில் போட்டிருக்கும் கோட்டுக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் பனிப்புகை அதிகமாகும் என்று நினைக்காதீர்கள். நீர் ஆழமானால் தகட்டின் அதிர்வு மேற்பரப்பை எட்டுவதற்குள் பலமிழந்துவிடும், புகை குறையத்தான் செய்யும்.

எண்ணெயை மட்டும் வீசும் நெபுலைசர்

நெபுலைசர் டிஃப்யூசரில் தண்ணீரே கிடையாது. ஒரு சிறிய பம்பு காற்றை மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியே வேகமாகத் தள்ளும். வேகமாகப் பாயும் இடத்தில் அழுத்தம் குறையும், டேனியல் பெர்னூலி 1738இல் விளக்கிய விதி இது. குறைந்த அந்த அழுத்தம் பாட்டிலிலிருந்து எண்ணெயை மேலே உறிஞ்சும், மேலே வந்த எண்ணெயைக் காற்று நுண்துளியாகச் சிதறடிக்கும். வாசனைத் தெளிப்பான் பாட்டிலை அழுத்தும்போது நடப்பதன் தொடர்ச்சியான வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதன் மணம் கலப்பில்லாமல், நிறைவாக வரும். பெரிய கூடத்துக்கு இதற்கு இணை இல்லை. ஆனால் பம்பு உறுமும், எண்ணெயும் வேகமாகக் கரையும். அல்ட்ராசோனிக்கில் 40 தடவை வந்த பாட்டில், இதில் நிறுத்தாமல் ஓடினால் மிகச் சீக்கிரமே தீர்ந்துவிடும். சந்தனம், வெட்டிவேர், பச்சோலி போன்ற கெட்டி எண்ணெய்கள் மெல்லிய குழாயை அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஆல்கஹால் ஊற்றி ஓடவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். சின்னப் படுக்கையறையில் இதை வைப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முதல் டிஃப்யூசராகவும் வேண்டாம்.

சூடும் விசிறியும்

கீழே மெழுகுவத்தி, மேலே எண்ணெயும் தண்ணீரும் ஊற்றிய கிண்ணம் என்பது பழைய முறை. மின்சாரத்தில் இளஞ்சூடு தரும் தட்டும், சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகும் வகையும் அதன் இன்றைய வடிவங்கள். சத்தமில்லை, பராமரிப்பு குறைவு. சூடு மிதமாக இருந்தால் மணமும் நன்றாகவே வரும். சூடு கூடினால் எண்ணெய் கருகி, கிண்ணத்தின் அடியில் பழுப்பாகப் படிந்து, கருகல் வாடை அடிக்கும். மெழுகுவத்தி வகையை ஆள் இல்லாத அறையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விசிறி வகையில் எண்ணெய் நனைத்த அட்டையின் மேல் காற்று ஓடும். எடுத்துச் செல்ல வசதி, சின்ன இடத்துக்குப் போதும்.

இந்த இரண்டிலும் ஒரு பொதுத் தன்மை உண்டு. எண்ணெயில் நூற்றுக்கணக்கில் பொருள்கள் கலந்திருக்கலாம், எல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி இலேசானவை முதலில் ஓடிவிடும், சந்தனம் மாதிரி கனமானவை கடைசிவரை தங்கும். அதனால் கலவை எண்ணெய் ஊற்றினால் தொடங்கும்போது ஒரு வாசனையும் முடியும்போது வேறு வாசனையும் வரும். முதலில் சொன்ன தாளில் அரை மணி நேரம் கழித்து மணம் மாறியதும் இதனால்தான். அல்ட்ராசோனிக்கும் நெபுலைசரும் எண்ணெயைத் துளியாக மொத்தமாக வீசுவதால் இந்த மாற்றம் குறைவாகத் தெரியும்.

விளக்கு மாதிரி இருக்கும் வினையூக்கி வகை ஒன்றும் உண்டு. பிரான்ஸில் மோரிஸ் பெர்ஜே 1898இல் காப்புரிமை பெற்றது அது. வாசனை கலந்த ஆல்கஹாலில் ஓடுகிறது, பற்றவைத்து அணைக்க வேண்டும். தொடக்கக்காரர்களுக்கு அது தேவையில்லை.

மணம் எப்போது நெடியாகிறது

இதுவரை கருவியைப் பற்றிப் பேசினோம். இனி மூக்கைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

புதிதாக டிஃப்யூசர் வைத்தவர் முதல் நாள் ஐந்து சொட்டு விடுவார், வீடே கமகமவென்று இருக்கும். கால் மணி நேரத்தில் ஒன்றும் தெரியாது. எண்ணெய் சரியில்லையோ என்று இன்னும் ஐந்து சொட்டு விடுவார். அப்போது வெளியிலிருந்து யாராவது வந்தால் வாசலிலேயே மூக்கைப் பொத்துவார்கள். எண்ணெயில் குறையில்லை. ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் மூக்கும் மூளையும் அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும், நம் வீட்டின் வாடை நமக்குத் தெரியாமல் இருப்பது போல. காற்றில் வாசனை அப்படியே இருக்கும், நமக்குத்தான் தெரியாது.

தமிழில் மணம், வாடை, நெடி என்று தனித்தனிச் சொற்கள் வைத்திருக்கிறோம். மிளகாய் வறுத்தால் மணக்கிறது என்று சொல்வதில்லை, நெடி அடிக்கிறது என்கிறோம். உடம்புக்குள்ளும் அந்த வேறுபாடு உண்மை. மணத்தை உணர்வது மூக்கின் உச்சியில் இருக்கும் வாசனை நரம்பு. எரிச்சல், காரம், குளிர்ச்சி, கண்ணில் நீர் இவற்றை உணர்வது முகம் முழுக்கப் பரவியிருக்கும் வேறொரு நரம்பு. முதல் நரம்பு பழகிப்போய் ஓய்ந்துவிட்டாலும், எண்ணெய் கூடக்கூட இரண்டாவது நரம்பு விழித்துக்கொள்ளும். அதனால் தொண்டை கரகரத்தாலோ, கண் எரிந்தாலோ, நெற்றி கனத்தாலோ, வாசனை தெரிகிறதா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். நெடி அளவுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். கருவியை நிறுத்தி ஜன்னலைத் திறங்கள்.

அரை மணி நேரம் ஓடவிட்டு, அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ நிறுத்துவது நல்ல முறை. நிறுத்திய நேரத்தில் மூக்கு மீண்டும் புதிதாகிவிடும், குறைந்த எண்ணெயிலேயே நிறைந்த மணம் கிடைக்கும். இடைவெளி விட்டு ஓடும் டைமர் உள்ள கருவிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான். நிறம் மாறும் விளக்குக்குக் கொடுப்பதைவிட அது உருப்படியான செலவு.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்

அறையை அளப்பதற்கு முன் ஆட்களை எண்ண வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், இயற்கை எண்ணெய் என்பதால் ஒன்றும் செய்யாது என்று நம்பிவிடாதீர்கள். இயற்கையோ செயற்கையோ, வாசனைப் பொருள் எதுவும் மூச்சுக்குழலைத் தூண்டிவிடலாம். அவர் புழங்கும் அறையில் டிஃப்யூசர் வேண்டாம். வேண்டுமென்றே ஆக வேண்டுமானால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் இல்லாத அறையில், கதவடைத்து வையுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் யூகலிப்டஸ், புதினா எண்ணெய்களைத் தவிர்த்துவிடுங்கள். மெந்தாலும் அதுபோன்ற கடுமையான பொருள்களும் சின்னக் குழந்தையின் மூச்சைத் தடுமாற வைக்கக்கூடும். கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்ட பிறகு பயன்படுத்துவது நல்லது.

பூனை வளர்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. நம் கல்லீரல் பல வாசனைப் பொருள்களை வேறொன்றோடு பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அந்த வேலைக்கான நொதி மிகக் குறைவு, அதனால் அவை உடம்பிலேயே தங்கிவிடும். போதாததற்கு, நுண்துளிகள் அதன் ரோமத்தில் படியும், பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்போது வயிற்றுக்குள் போகும். டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு. பூனை உள்ள வீட்டில் துளியாக வீசும் அல்ட்ராசோனிக், நெபுலைசர் இரண்டையும் அது நடமாடும் அறைகளில் வைக்காதீர்கள். பறவைகளின் நுரையீரல் இன்னும் நுட்பமானது, கூண்டுப் பறவை இருக்கும் அறையில் எந்த வகையும் வேண்டாம்.

எந்த அறைக்கு எது

இனி அறைகளைப் பார்க்கலாம். தரையின் அகலத்தை மட்டும் பார்க்காமல் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் உள்ள படுக்கையறையில் 27 கன மீட்டர் காற்று இருக்கிறது. 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் அதே உயரமும் உள்ள கூடத்தில் 72 கன மீட்டர். இரண்டரை மடங்குக்கும் மேல். படுக்கையறையில் அளவாக மணக்கும் கருவி கூடத்தில் இருக்கும் இடமே தெரியாது. கூடத்தில் நன்றாக இருந்ததைப் படுக்கையறைக்குக் கொண்டுபோனால் தலைவலி வரும்.

படுக்கையறைக்கு டைமர் உள்ள சின்ன அல்ட்ராசோனிக் போதும், 100 மில்லி தொட்டி. படுக்கப்போகும் முன் அரை மணி நேரம் ஓடவிட்டு நிறுத்திவிட்டுத் தூங்குங்கள். இரவு முழுக்க ஓடவிட வேண்டாம். தலைமாட்டில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். விளக்கை அணைக்கும் பொத்தான் தனியாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், இருட்டில் அந்தச் சின்ன நீல வெளிச்சம் எவ்வளவு தொந்தரவு என்பது படுத்த பிறகுதான் தெரியும்.

கூடத்துக்குப் பெரிய தொட்டியுள்ள அல்ட்ராசோனிக், அல்லது சத்தம் பரவாயில்லை என்றால் நெபுலைசர். கூடம் மூலை திரும்பி நீளமாகப் போனால் பெரியது ஒன்றைவிடச் சின்னது இரண்டு நல்லது. குளியலறைக்கும் வாசலுக்கும் ரீட் டிஃப்யூசர்தான் சரி. அங்கே யாரும் நீண்ட நேரம் இருப்பதில்லை, அதனால் மூக்கு பழகும் பிரச்சினையே எழாது, போகும்போதெல்லாம் புதிதாக மணக்கும். குளியலறையில் ஈரக் கையோடு பிளக்கைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை. சமையலறையில் எதையும் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. தாளிப்பின் மணத்தோடு லாவெண்டர் சேர்ந்தால் இரண்டும் கெடும். அங்கே வேண்டியது காற்றுப்போக்கி. பொதுவாகவே கெட்ட வாடை வருகிற இடத்தில் டிஃப்யூசரை வைத்தால் வாடையும் மணமும் கலந்த மூன்றாவது ஒன்றுதான் வரும். வாடை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை முதலில் சரிசெய்யுங்கள்.

எந்த வகையானாலும் மேசை உயரத்தில், தட்டின் மேல், புத்தகத்துக்கும் மின்சாதனங்களுக்கும் தள்ளி வையுங்கள்.

எண்ணெயும் கழுவுதலும்

எசென்ஷியல் ஆயில் என்பது செடியிலிருந்து வடித்தோ பிழிந்தோ எடுப்பது. ஃப்ரேக்ரன்ஸ் ஆயில் என்பது பெரும்பாலும் ஆய்வகத்தில் கலந்து செய்வது. இரண்டாவதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை, ஆனால் உங்கள் கருவிக்கு ஏற்றதா என்று அதன் குறிப்பைப் படித்துப் பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய் போன்றவை கலந்து விற்கும் மசாஜ் எண்ணெயை அல்ட்ராசோனிக்கிலோ நெபுலைசரிலோ ஊற்றிவிடாதீர்கள். அவை ஆவியாகாது, தகட்டிலும் குழாயிலும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரில் வாசனை எண்ணெய் விடுவதும் தப்பு, அதன் பிளாஸ்டிக் இதற்காகச் செய்ததல்ல.

பிளாஸ்டிக்கை எண்ணெய் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமா? ஊதிய பலூனுக்குப் பக்கத்தில் ஆரஞ்சுத் தோலை மடித்துப் பிதுக்குங்கள். தோலிலிருந்து பீய்ச்சும் துளி பட்டதும் பலூன் வெடிக்கும். ஆரஞ்சு எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் லிமொனீன் என்ற பொருள்தான், அது ரப்பரையும் தெர்மாகோலையும் கரைக்கும். அதனால் தொட்டி பாலிப்ரொப்பிலீனில் செய்ததா என்று பாருங்கள், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கும். மற்ற பல பிளாஸ்டிக்குகளைவிட அது இந்த எண்ணெய்களைத் தாங்கும். லிமொனீன் காற்றுப் பட்டுப் பழசானால் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருளாகவும் மாறும். எனவே பாட்டிலை இறுக மூடி, வெயில் படாமல் வையுங்கள். வாசனை புளித்துப்போன பழைய பாட்டிலைத் தயங்காமல் தள்ளிவிடுங்கள்.

அல்ட்ராசோனிக் தொட்டியை வாரம் ஒருமுறை கழுவினால் போதும். பாதி அளவு தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கொட்டுங்கள். பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டு அந்த வட்டத் தகட்டை மெல்லத் துடையுங்கள். கத்தியாலோ நகத்தாலோ சுரண்டக் கூடாது. பனிப்புகை குறைந்துவிட்டது, கருவி பழுது என்று தூக்கிப் போடுவதற்கு முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள், பாதிக் கருவிகள் இதிலேயே பிழைத்துவிடும்.

கருவி கைக்கு வந்த முதல் நாள் மூன்று சொட்டோடு தொடங்குங்கள், எந்த அறையானாலும் சரி. பத்து நிமிடம் ஓடவிட்டு வீட்டை விட்டு வெளியே போய், கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். கதவைத் திறந்ததும் மணம் லேசாகத் தெரிந்தால் அளவு சரி. வாசலிலேயே முகத்தில் அடித்தால் நாளைக்கு இரண்டு சொட்டு.